அன்னக்கூடையைக் கீழே போட்ட நேரம்

தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்க்கப் பிரியும் சிறு ரோடுகள் சில உண்டு. அவற்றில் ஒன்றில் போன ஆடி மாதம் மீன் விற்கும் ஒரு பெண்ணுக்கு நடந்ததை எழுதுகிறேன். ஊரின் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் சொல்லப்போவதில்லை. நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் "அப்படி இல்ல டீச்சர்" என்றார். திருத்திவிட்டேன்.

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. மாணவிகளுக்குத் தற்காப்பு சொல்லிக்கொடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது. பிடியை விடுவிப்பது, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தாடையில் அடிப்பது, முழங்கையை வீசுவது, குதிகாலால் பாதத்தை மிதிப்பது என்று ஒரு வரிசை வைத்திருந்தேன். இந்த நிகழ்வுக்கு அப்புறம் அந்த வரிசையை மாற்றிவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

அன்று விடிகாலை

அக்காவுக்கு 46 வயது. கணவர் இடுப்பு வலியால் கடலுக்குப் போவதை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. அக்காவின் மீன் வியாபாரத்தில்தான் வீடு ஓடுகிறது. நாலரை மணிக்குக் கரைக்குப் போவார். நாட்டுப்படகுகள் ஒவ்வொன்றாக வந்து அணையும். ஏலத்தில் கூறு எடுத்து, ஐஸ் போட்டு, அன்னக்கூடையில் நிரப்பி, சும்மாடு வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடப்பார். ஒன்றரைக் கிலோமீட்டர். அங்கே முதல் பஸ்ஸைப் பிடித்து, உள்ளே இருக்கிற ஊர்களில் தெருத்தெருவாக விற்றுவிட்டு மதியம் திரும்புவார்.

அந்த ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். கரிமூட்டக்காரர்கள் வெட்டிய இடங்களில் மட்டும் கொஞ்சம் வெளி தெரியும். மற்ற இடத்திலெல்லாம் முள் ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கரையிலிருந்து ஏறக்குறைய 400 மீட்டரில் ஒரு மதகு. மதகடிக் கம்பத்தில் விளக்கு எரிந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அமாவாசைக்கு முதல் நாள். கச்சான் காற்று நல்ல வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா சூடையும் காரலும் எடுத்திருந்தார். 3,800 ரூபாய்ச் சரக்கு, அதில் 3,000 தண்டலுக்கு வாங்கிய பணம். ஐஸோடு சேர்த்து 18 கிலோ இருக்கும் என்கிறார்.

மதகுத் திண்டில் உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்தான். முகத்தில் துண்டு கட்டியிருந்தான். பக்கத்தில் பைக். "ஆத்தா, மெயின் ரோட்டுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டான். இருப்பது ஒரே ரோடு. அதில்தான் அவனும் நிற்கிறான். அந்தக் கேள்வியே அக்காவுக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் கேட்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற பழக்கத்தில் நின்றார். நின்றதும் அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். மற்றக் கையால் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை இழுத்தான். அக்காவின் வலது கை தலையில் இருந்த கூடையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

பை வரவில்லை. அவன் அக்காவை முள்ளுக்குள் இழுக்க ஆரம்பித்தான். அக்கா நாலைந்து எட்டு அவன் இழுப்புக்கே போயிருக்கிறார், கூடையைத் தலையில் வைத்தபடியே. நான் திரும்பத் திரும்பக் கேட்டது இந்த நாலைந்து எட்டைப் பற்றித்தான். அவர் சொன்னது இது:

"அவன் சுருக்குப்பைக்கு வந்தானா எனக்கு வந்தானான்னு அப்பத் தோணவே இல்ல டீச்சர். மீன் சாஞ்சிரக் கூடாதுன்னுதான் இருந்துச்சு. தண்டக்காரனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு இருந்துச்சு."

ரோட்டின் ஓரத்தில் கால் பட்டதும், முள் சேலையில் மாட்டியதும், கூடையைப் போட்டுவிட்டார். தார் ரோட்டில் அலுமினியம் விழுந்த சத்தம் பெரிதாகக் கேட்டது. ஐஸும் மீனும் அவன் காலில் கொட்டின. அவன் குனிந்து பார்த்தான், பிடி தளர்ந்தது. அக்கா கையை மேலே உதறி இழுக்க, கை வந்துவிட்டது. வந்த வழியே கரையைப் பார்த்து ஓடினார். முதலில் சத்தம் வரவில்லை. பத்து இருபது எட்டு ஓடிய பிறகுதான் வாய் திறந்தது. "மதினி! மதினி!" என்று கணவரின் தங்கையைக் கூப்பிட்டுக் கத்தியிருக்கிறார். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களும் மதினியும் டார்ச் லைட்டோடு எதிரே ஓடி வந்தார்கள். பைக் மெயின் ரோட்டுப் பக்கம் போகும் சத்தம் கேட்டது. ஆள் இதுவரை அகப்படவில்லை.

கை ஏன் விடவில்லை

நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே, கேட்கிறவன் பொருளைக் கேட்டால் கொடுத்துவிடு, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு என்பதுதான். சரியான பாடம்தான். ஆனால் அதைச் சொல்லும்போது எங்கள் மனதில் இருப்பது ஒரு ஹேண்ட்பேக், ஒரு போன். அக்காவின் தலையில் இருந்தது பத்து நாள் கடன். அதைப் போடு என்று சொல்வதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நான் ரொம்ப நேரம் யோசித்தேன்.

பயத்தில் உடம்பு உறைந்துபோவது கோழைத்தனம் இல்லை. திடீர் ஆபத்தில் அட்ரினலின் பாயும்போது இதயம் அடித்துக்கொள்ளும், பார்வை எதிரே இருப்பதில் மட்டும் குறுகும், விரல்களின் நுண்ணிய வேலை கெட்டுப்போகும். அந்த நேரத்தில் புதிதாக யோசித்து ஒன்றைச் செய்வது மிகக் கடினம். உடம்பு பழகியதைத்தான் செய்யும். இருபது வருஷமாக அக்காவின் உடம்பு பழகியது கூடையைச் சாயவிடாமல் பிடிப்பது. வழுக்கினால் பிடி, தடுக்கினால் பிடி, பஸ் குலுங்கினால் பிடி. பயம் வந்தபோதும் அது பிடித்தது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவர் இடுப்பில் பட்டன் போனும் இருந்தது. 2017 முதல் இந்தியாவில் விற்கும் பட்டன் போன்களில் 5 அல்லது 9 எண்ணை அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போக வேண்டும் என்பது விதி. 112 என்ற எண்ணும் அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு கையைப் பிடித்திருக்கிறான், இன்னொரு கை சுமையில். போனை எடுக்க மூன்றாவது கை வேண்டும். இது அழைப்பு எண்களின் குறை இல்லை. அவை ஆபத்து முற்றுவதற்கு முன்னும், தப்பித்த பிறகும் உதவும். பிடிபட்ட அந்த நேரத்துக்கு வேறு ஏதாவது வேண்டும்.

கூடைக்குள் மீன் வெட்டும் கத்தியும் இருந்தது. "அதை எடுத்திருக்கலாமே" என்று பிறகு பலர் சொன்னார்கள். எடுக்காதது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். ஐஸுக்கு அடியில் கிடக்கும் கத்தியைத் தேடி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எடுத்தாலும், பலம் கூடிய கை அதைப் பறித்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசமாகும். மிளகாய்ப்பொடி கொண்டுபோகலாம் என்றார் ஒரு பெரியம்மா. கச்சான் அடிக்கும்போது பொடியை வீசினால், அவன் காற்றுக்கு மேலே நின்றால் அது வீசியவரின் கண்ணுக்குத்தான் வரும். கடற்கரையில் இதை நம்ப முடியாது.

கட்டைவிரல் பக்கம்

கை எப்படி விடுபட்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் மணிக்கட்டைப் பிடிக்கும்போது நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறு பக்கம். நாலு விரலை எதிர்த்து இழுத்தால் அவருடைய பலத்தோடு மோதுகிறோம். கட்டைவிரலும் விரல் நுனிகளும் சேரும் இடம்தான் அந்தப் பிடியின் வாசல். நம் மணிக்கட்டு தட்டையானது. அதன் மெல்லிய விளிம்பை அந்த வாசலுக்குத் திருப்பி, முழங்கையை மடக்கி, அவன் பக்கமாகவே ஒரு எட்டு வைத்து, வெடுக்கென்று இழுக்க வேண்டும். பின்னால் சாய்ந்து இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அதில் கை நீண்டு, அவனுக்கு இழுக்க வசதியாகிவிடும்.

அக்கா இதைப் படித்தவர் இல்லை. அவர் மேலே உதறியபோது தற்செயலாகக் கட்டைவிரல் பக்கம் வழி கிடைத்தது. அதற்கு ஒரு நொடி முன்னால் கூடை விழுந்து அவன் கவனம் சிதறியதுதான் பெரிய காரணம். கவனம் சிதறாத ஒருவனின் பிடியை விடுவிப்பது பயிற்சி உள்ளவருக்கே சுலபம் இல்லை. பயிற்சிக் கூடத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து ஆடுகிறோம். இதை என் மாணவிகளிடம் நான் முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று, அவர் ஓடிய திசை. ஆட்டோவும் லாரியும் போகும் பெரிய ரோடு என்பதால் மெயின் ரோட்டுக்கு ஓடுவதுதான் சரி என்று சிலர் வாதிட்டார்கள். அந்த நேரத்தில் அங்கே பஸ் ஸ்டாப்பில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். தூரமும் இரண்டு மடங்குக்கு மேல். கரையில் வெளிச்சம் இருக்கிறது, பெயர் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். அக்கா மனிதர்களைப் பார்த்து ஓடினார். இதில் அவருக்கு ஒரு நொடிகூடத் தயக்கம் இருக்கவில்லை.

காற்றும் குரலும்

அவர் கத்தியது கரைக்குக் கேட்டதற்குக் கச்சானும் காரணம். மேற்கிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும் காற்று அது. மதகு கரைக்கு மேற்கே இருக்கிறது. குரல் காற்றோடு போனது. இதே சம்பவம் வாடைக்காலத்தில், மார்கழியில், நடந்திருந்தால் காற்று கடலிலிருந்து எதிரே வரும். அலைச் சத்தமும் கூடியிருக்கும். 400 மீட்டரைத் தாண்டி ஒரு பெண்ணின் குரல் போயிருக்குமா என்று சந்தேகம். இதைச் சொன்னவர் ஐஸ் உடைக்கும் பையன்களில் ஒருவர். கடலில் படகுக்குப் படகு கூப்பிட்டுப் பழகியவர்களுக்குக் காற்றின் கணக்கு தெரியும். எனக்குத் தோன்றவே இல்லை.

அதனால்தான் ஒரு விசில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் உயர்ந்த சுருதியில் விசில் ஒலிக்கிறது. அலையின் இரைச்சல் பெரும்பாலும் அதற்குக் கீழே. தொண்டை அடைத்துக் குரல் வராதபோதும் மூச்சு வரும். கழுத்தில் தொங்கவிட்டால் பின்னாலிருந்து பிடித்து இழுக்க ஒரு கயிறாகிவிடும். சுமை தாங்காத கையின் மணிக்கட்டில் ரப்பர் பேண்டில் மாட்டிக்கொள்ளலாம், அல்லது ஜாக்கெட்டில் ஊக்கு போட்டுக் குத்திக்கொள்ளலாம்.

அவர் "யாராவது வாங்க" என்று கத்தாமல் மதினியைக் கூப்பிட்டதையும் கவனிக்க வேண்டும். பொதுவாகக் கூப்பிட்டால் ஒவ்வொருவரும் மற்றவர் போவார் என்று நிற்பதுண்டு. ஒருவரைக் கூப்பிட்டால் அவர் அசைவார், அவரைப் பார்த்து மற்றவரும் அசைவார்.

அந்த வாரம் நடந்தது

அக்காவும் மதினியும் ஆறு வருஷமாகச் சேர்ந்தே நடப்பவர்கள். சம்பவத்துக்கு மூன்று நாள் முன்னால் ஏலத்தில் ஒரு கூறு கிழங்கானுக்காகச் சண்டை. அன்றிலிருந்து அக்கா முன்னால் நடக்க, மதினி பத்து நிமிஷம் கழித்துக் கிளம்புவார். அந்த மூன்று நாளில் இரண்டு நாள் மதகுத் திண்டில் ஒரு பைக்கையும் ஒரு ஆளையும் அக்கா பார்த்திருக்கிறார். வெளியூர் ஆள், யாருக்கோ காத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆளோடு பேச்சு இல்லை.

மதினியும் இரண்டாம் நாள் அவனைப் பார்த்திருக்கிறார். அவரும் சொல்லவில்லை. இதைச் சொல்லும்போது அவர் அழுதார். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்த ஒன்று, சேர்த்துப் பேசியிருந்தால் "நேற்றும் இருந்தானே" என்று ஆகியிருக்கும். இந்த நிகழ்வில் தவிர்த்திருக்கக்கூடியது என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். சண்டை போடாதீர்கள் என்று சொல்ல முடியாது. பேசாவிட்டாலும் ஒருவர் பார்வையில் ஒருவர் நடக்கலாம். இப்போது அந்தக் கரையில் அப்படி ஒரு வழக்கம் வந்திருக்கிறது. கோபத்தில் இருப்பவர்கள் ஐம்பது எட்டு தள்ளி நடக்கிறார்கள், ஆனால் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள்.

புகார்

வீட்டில் முதலில் "வெளிய சொல்லாத" என்றார்கள். அக்காவும் அப்படித்தான் இருந்தார். மறுநாள் மதினிதான் எனக்குப் போன் செய்தார். அதற்குள் மணிக்கட்டில் நாலு விரல் தடமும் கறுத்துத் தெரிந்தது. கன்றிய காயம் இரண்டாம் நாள்தான் நன்றாகத் தெரியும், ஆகவே இரண்டு நாளும் போட்டோ எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னோம். அதன் நகலை ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் அங்கே தெரியும்.

முதலில் போன காவல் நிலையத்தில் மதகுக்கு அந்தப் பக்கம் வேறு நிலையத்து எல்லை என்றார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் தபாலில் அனுப்பலாம். இதை மரியாதையாகச் சொன்னோம். பதிவு செய்தார்கள்.

வாக்குமூலம் சொல்லும்போது அக்காவுக்கு வரிசை குழம்பியது. முதலில் பையா, கையா என்று மாற்றி மாற்றிச் சொன்னார். பொய் சொல்கிறவரைப் பார்ப்பதுபோல் ஒருவர் பார்த்தார். அதிர்ச்சியில் பதிந்த நினைவு பலருக்குத் துண்டு துண்டாக வரும். சில துண்டுகள் பிறகு நினைவுக்கு வரலாம். அவருக்கு மூன்றாம் நாள்தான் பைக்கின் சைலன்சர் ஓட்டையான சத்தம் நினைவுக்கு வந்தது. அதையும் எழுதிக்கொடுத்தோம். எல்லாம் முடிந்த கையோடு, நினைவுக்கு வருவதை வந்தபடியே போனில் பேசிப் பதிவு செய்துவைப்பது நல்லது.

கரையில் கூடிய பெண்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி, "நாம திருப்பி அடிச்சா நம்ம மேல கேஸ் போடுவாங்களா?" என்பதுதான். பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவை. தன் உடம்பையும் பொருளையும் பிறர் உடம்பையும் காக்க அடிப்பது குற்றம் ஆகாது. ஆனால் காப்பாற்றிக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது. ஆபத்து முடிந்ததும் உரிமையும் முடிகிறது. கூடையால் அவன் மண்டையில் அடித்துவிட்டு ஓடியிருந்தால் அது தற்காப்பு. பையன்கள் சொன்னதுபோல் அவனைத் தேடிப்பிடித்துக் கம்பத்தில் கட்டி அடித்திருந்தால் அது வேறு வழக்கு.

அக்கா பதினோரு நாள் வியாபாரத்துக்குப் போகவில்லை. தூக்கத்தில் கையை உதறினார் என்று அவர் கணவர் சொன்னார்.

மணல் நிரப்பிய கூடை

நான் கரையில் பயிற்சி தருகிறேன் என்றபோது மகளிர் குழுத் தலைவி ஒரு கேள்வி கேட்டார். "கூடையைப் போடுன்னு சொல்றீங்க. போட்டா யார் குடுப்பா?" பயிற்சியை விட்டுவிட்டு அன்று மாலை முழுக்க இதைத்தான் பேசினோம். கடைசியில் குழுவில் உள்ள 22 பேரும் வாரம் 20 ரூபாய் போட்டு ஒரு தனிக் கணக்கு வைத்தார்கள். பயந்து கூடையைப் போட்டவருக்குச் சரக்கின் விலை அந்தக் கணக்கிலிருந்து போகும். ஏன் போட்டாய், உண்மையிலேயே ஆபத்தா, வீணாகப் பயந்தாயா என்று யாரும் கேட்கக் கூடாது. தலைவி இதை நோட்டில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். அக்காவின் 3,800 ரூபாயை, கணக்கு தொடங்குவதற்கு முன் நடந்தது என்றாலும், முதல் செலவாக எழுதினார்கள்.

ஊராட்சியில் மனு கொடுத்து மதகு விளக்கு மாட்டியாயிற்று. முள்ளைக் கரிமூட்டக்காரர்களே ரோட்டிலிருந்து இரண்டு ஆள் நீளத்துக்கு வெட்டி எடுத்துக்கொண்டார்கள். மறுபடி முளைக்கும், வருஷத்துக்கு இரண்டு தரம் வெட்ட வேண்டும்.

பயிற்சிக்கு வந்தவர்களிடம் நான் குத்து, உதை எதையும் முதலில் காட்டவில்லை. ஆளுக்கு ஒரு அன்னக்கூடையில் ஈர மணல் நிரப்பித் தலையில் வைத்து நடக்கச் சொன்னேன். எதிரே ஒருத்தி வந்து மணிக்கட்டைப் பிடிப்பாள். பிடித்த மறு நொடி கூடையை அவள் பக்கம் தள்ளிப் போட வேண்டும். அவ்வளவுதான். கட்டைவிரல் பக்கம் இழுப்பது, கத்துவது, ஓடுவது எல்லாம் அதற்கு அப்புறம். மணல்தான், போனால் ஒரு காசு நஷ்டம் இல்லை. அப்படியும் பதினைந்து பேரில் ஒன்பது பேரின் கை முதல் தடவை கூடையை இறுக்கிப் பிடித்தது. ஒருவர் பிடிபட்ட கையோடு, கூடையை மெதுவாக இறக்கி வைக்கப் பார்த்தார்.

அக்கா கடைசியாக வந்தார். மதினிதான் மணிக்கட்டைப் பிடித்தார். முதல் தடவை அக்கா அப்படியே நின்றுவிட்டார், முகம் வெளுத்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி நடந்தார். இரண்டாம் தடவையும் கை விடவில்லை. நான் போதும் என்றேன். "இருங்க டீச்சர்" என்று திரும்பவும் சும்மாட்டைச் சரிசெய்தார். மூன்றாம் தடவை மதினியின் விரல் பட்டதுமே கூடை மணலோடு அவர் காலடியில் விழுந்தது, அக்கா கையை உருவிக்கொண்டு ஐஸ் ஷெட்வரை ஓடினார். விளிம்பு நெளிந்த கூடையைத் தூக்கிக்கொண்டு மதினி பின்னாலேயே போனார்.